மாசிக் குளிரில் மஞ்சள் பூ

கலியாணம் முடிந்து பதினோராம் நாள் நான் மட்டும் ஜெர்மனிக்கு, டோர்ட்மண்ட் நகருக்குத் திரும்பினேன். கணவர் கொழும்பில் நின்றுவிட்டார். ஜெர்மன் மொழிப் பரீட்சையில் தேறினால்தான் விசா என்ற சட்டம் அப்போது புதிதாக வந்திருந்தது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி, இலக்கங்களை அழுத்தி, அவருடைய குரலைக் கேட்பதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்துக்குப் போகும் வழியில், ஒரு வீட்டு வேலியோரம் ஆளுயரச் செடி ஒன்று நின்றது. மாசி மாதம் மற்ற மரங்களெல்லாம் வெறுங்கொப்பாய் நிற்க, அது மட்டும் பூத்தது. இலை ஒன்றுமில்லை. மஞ்சள் நூலைக் கத்தரித்து ஒட்டியதுபோலத் தடியெல்லாம் பூ. அன்றே அவருக்குச் சொன்னேன்.

"பனிக்குள்ளயோ?" அவர் நம்பவில்லை.

"ஓம், பனிக்குள்ளதான். வாசமும் இருக்கு."

"என்ன வாசம்?"

"சொல்லத் தெரியேல்லயப்பா. நீங்கள் வந்து மணந்து பாருங்கோ."

சிரித்தார். அட்டையில் நிமிடங்கள் கரைந்தன.

இரண்டு கிழமை கழித்துப் பரீட்சை முடிவு வந்தது.

"சரிவரேல்ல," என்றார். "நீர் யோசிக்காதையும்."

"பரவாயில்லை, திரும்ப எழுதலாம்," என்றேன். குரல் நடுங்காமல் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை கடுங்குளிர். வேலியருகே வந்து பார்த்தால் இதழ்களெல்லாம் உள்ளே சுருண்டு, சிறு முடிச்சுகளாகக் கிடந்தன. அடக்கிவைத்த அழுகை அங்கேதான் வெடித்தது. வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். பூவுக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"சாகவில்லை, சாகவில்லை," என்றார் ஜெர்மனில். "குளிர் கூடினால் இப்படி மூடிக்கொள்ளும். மத்தியானம் வந்து பாருங்கள்."

வேலை முடிந்து வந்தபோது வெயில் பட்டு இதழ்கள் விரிந்திருந்தன. வீட்டுக்காரர் ஒரு சிறு கொப்பை வெட்டித் தந்தார். தண்ணீர்க் கிளாசில் வைத்தேன். ஐந்து நாள் அறை முழுக்க வாசம். அதை மணந்து பார்க்க அவர் அருகில் இல்லாததால், அந்த ஐந்து நாளும் என் கணவர் முன்னைவிடத் தூரத்தில் இருப்பதாகவே தோன்றியது. கொப்பு வாடியதும் மனம் கொஞ்சம் ஆறியது.

இரண்டாம் முறை அவர் தேறினார். விசா கிடைக்க ஆவணி ஆகிவிட்டது. விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தேன். ரயிலில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஊர்வரை அசையாமல் இருந்தேன்.