கராச்சியிலிருந்து மெட்ராசுக்கு ஒரு நூல்

நாச்சிமுத்து போயிட்டான்.

நேத்து விடியக்காலம்... மோகனூர்ல. எனக்கும் தொண்ணூத்தி மூணு, அவனுக்கும் அதே வயசுதான். ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க நாங்க.

அவன் பேரன் போன் பண்ணுனான். "அப்பாரு போயிட்டாருங்க. வசந்தா அத்தை டொரண்டோல பிளேன் ஏறிட்டாங்க. போன்ல தேடிப் பாத்துட்டேன், பதினாறு மணி நேரந்தானுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எடுத்தரலாம்னு ஊருக்குச் சொல்லிட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

நாப்பத்தஞ்சுல யுத்தம் முடிஞ்ச சமயம். நாங்க எட்டாவது. நாச்சிமுத்துவோட அண்ணன் கராச்சில ஏரோப்ளேன் ஒர்க்‌ஷாப்ல பிட்டர். அம்மாவுக்கு முடியலைன்னு தந்தி குடுத்தாங்க. மெயில் பிளேன்ல கெளம்பிட்டேன்னு பதில் தந்தி வந்துச்சு... அன்னிக்குச் சாயந்தரமே அம்மா போய்ச் சேந்துட்டாங்க.

எங்கூர்ல பிளேன் ஏறுனவங்க ஆரு? எப்ப வருவாருன்னு எவனுக்குத் தெரியும்?

நாச்சிமுத்து அழுதுட்டே ஸ்கூல் அட்லஸ விரிச்சான். கராச்சிக்கும் மெட்ராசுக்கும் நூல் புடிச்சு அளந்தான். ஒரு முனைய நாந்தான் புடிச்சிருந்தேன்.

பிளேன் மணிக்கு இத்தன மைலுன்னு வாத்தியார் சொன்னத வச்சு வகுத்தான். அப்புறம் சேலத்துக்கு ராத்திரி ரயிலு, அங்கிருந்து பஸ்சு. "நாளைக்கு உச்சிக்குள்ள அண்ணன் வந்துருமுங்க"ன்னு பெரியவங்ககிட்ட அடிச்சுச் சொன்னான்.

அவன் பேச்ச நம்பி உச்சி வரைக்கும் வச்சிருந்தாங்க. வரல. இனித் தாங்காதுன்னு எடுத்துட்டாங்க.

அண்ணன் பொழுதுசாய வந்தாரு. பிளேனு நடுவுல ரெண்டு ஊர்ல எறங்கி பெட்ரோல் போட்டுச்சாம். மெட்ராசுல ராத்திரி ரயில் போயிருச்சாம். பெட்டியோட சுடுகாட்டுக்கே ஓடுனாரு... எரிஞ்சு முடிஞ்சிருந்துச்சு.

தம்பிய ஒரு வார்த்தை வையல. "பிளேனு நிக்கும்னு உனக்கு எப்படிச் சாமி தெரியும்?"னு கட்டிப் புடிச்சு அழுதாரு. பாவம், அதக் கேட்டுத்தான் இவன் இன்னும் அழுதான்.

அதுக்கப்புறம் ஆயுசுக்கும், எந்த ஊருக்குக் கெளம்புனாலும் ரெண்டு மணி நேரம் சேத்துத்தான் கணக்குச் சொல்லுவான். என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடறதுக்கு முன்னாலயே வந்து நின்னான். "ஏண்டா, மாப்பிள்ளை நீயா?"ன்னு எங்கப்பா கேட்டுட்டாரு.

நேத்து போன்லயே பேரன்கிட்டக் கத்திட்டேன். மன்னிச்சுக்கோ சாமி.

"அது காக்கா நேராப் பறக்கற தூரத்துக் கணக்குடா. பிளேனு நடுவுல நிக்கும். பொழுது சாயற வரைக்கும் ஆரும் எடுக்கக் கூடாது."

"ஊருக்கே சொல்லிட்டமேங்க..."

"மறுக்கா சொல்லு."

தோஹால ஆறு மணி நேரம் நின்னுச்சாம். சென்னைல இறங்கி, கார்ல... இன்னிக்கு மூணரைக்குத்தான் வசந்தா வந்து சேந்தா. அப்பன் கன்னத்தத் தொட்டுட்டே உக்காந்திருந்தா. ஆரும் அவசரப்படுத்தல.

உம்மக வந்துட்டா, நாச்சிமுத்து.

இனி கெளம்புடா.