பாட்டு எங்கடா?

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் நின்றபடி கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது பாட்டு. முதல் சரணம் முடிகிற இடத்தில், வழக்கம்போல், கத்துவதற்கு வாய் தானாகத் திறந்தது. பாட்டு நிற்கவில்லை. கதாநாயகி கொடியில் வெள்ளைச் சட்டைகளை உலர்த்திக்கொண்டே இன்னொரு சரணத்தைப் பாடத் தொடங்கினாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற படத்தில் நான் கேட்டே இராத ஒரு சரணம்!

முதலில் கைப்பேசியைத்தான் சந்தேகப்பட்டேன். யாரோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நான் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலையில் இருப்பவள். ஒட்டு எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். இங்கே ஒட்டே இல்லை. அப்படியென்றால் ஒட்டு இருப்பது எங்கள் படத்தில். சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் என் சந்தேகம் பெரியப்பா மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் படம் என்று சும்மா சொல்லவில்லை. ஊர் ஊராகப் போகும் ஒரு பாட்டுக் குழுவின் கதை அது. தமிழ்நாட்டில் ஓடவில்லை, அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்த நண்பர்களுக்குப் பெயர்கூடத் தெரியாது. இங்கேயோ ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் பெரியப்பா அதைப் போட்டுக் காட்டுவார். எப்போதோ தொலைக்காட்சியில் வந்தபோது வீட்டில் பதிவு செய்த வீடியோ கேசட் அது. பிறகு டிஸ்க் ஆனது, இப்போது பென்டிரைவ். நான்காவது பாட்டில் முதல் சரணம் முடிந்ததும் படம் துள்ளிப் பாட்டின் கடைசி வரிக்குப் போய்விடும். அந்த இடத்தில் மண்டபமே எழுந்து "பாட்டு எங்கடா?" என்று கத்தும். அதற்காகத்தான் வருகிறார்கள். மற்ற நேரத்தில் பாதிப் பேர் வாசலில் தே தாரிக் டீயோடு நிற்பார்கள்.

அப்பாவும் கத்துவார். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அக்கா கல்யாணப் பத்திரிகையில் மூத்தவரான பெரியப்பாவின் பெயர் அப்பாவின் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது, அதோடு சரி. பெரியப்பா தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டுக்கு வர மாட்டார். ஆனால் அந்த ஒரு மதியம் அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சாலாக் செலாத்தானிலிருந்து கிளம்பிப் போவார். அண்ணனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்துவார்கள். அண்ணன் தம்பி என்று அவர்களுக்குள் மிச்சமிருந்தது அந்தக் கத்தல் மட்டும்தான். இது தெரிந்தும் நோண்டினேன்.

பெரியப்பாவுக்குக் கிள்ளானில் ஒலிபெருக்கிக் கடை. அங்கேயே போய்க் கேட்டேன்.

"பெரியப்பா, அந்தப் பாட்டுல இன்னொரு சரணம் இருக்கு, தெரியுமா?"

"அதெல்லாம் இல்ல."

"ஃபோன்ல பாத்தேன்."

"ஃபோன்ல என்னென்னமோ வரும் லா. கண்டதப் பாத்துக் கண்ணக் கெடுத்துக்காத."

பேசும்போது ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினார். எனக்கு அது போதும்.

"அப்ப இந்த வருஷம் முழுப் படத்தப் போடுவோமா?"

"இருக்கறது நல்லாத்தானே இருக்கு?"

"எதுக்குப் பயப்படுறீங்க?"

"எனக்கென்னம்மா பயம்? போடு. போட்டுத்தான் பாரு."

அந்தச் சரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மழை வரப்போகிறது, சட்டை காயவில்லை, அவன் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான். மறைக்க வேண்டியதாக எதுவுமே இல்லை என்பது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

அந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முழுப் பிரதி ஓடியது. முதல் சரணம் முடிந்தது. மண்டபம் எழுந்து "பாட்டு எங்கடா?" என்று கத்தியது. பாட்டு அங்கேயே இருந்தது. கத்தியவர்களுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. கொடியில் சட்டைகள் ஆடின. கதாநாயகி சிரித்தாள்.

"ஐயோ, சோப்புத்தூள் விளம்பரம் மாதிரி இல்ல இருக்கு!" என்றார் பின் வரிசை ஆன்டி ஒருவர்.

"பாஸ், இது நம்ம படம் இல்ல லா. வேற எதையோ போட்டுட்டீங்க!" என்றது இன்னொரு குரல்.

இத்தனை வருஷம் எதைக் கேட்டுக் கத்தினார்களோ அது வந்தபோது யாரும் காது கொடுக்கவில்லை. சிலர் எழுந்து வாசலுக்குப் போனார்கள். அடுத்த வருஷம் யார் வருவார்கள்? அப்பா எந்தச் சாக்கில் வருவார்?

அப்போது அப்பா ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இதப் பாத்துத்தான் அன்னைக்கு நான் பட்டன அமுக்கினேன். வெளம்பரம் வந்துருச்சுன்னு."

விளம்பரம் வந்தால் பதிவை நிறுத்திவைப்பது அந்தக் காலத்து வீடுகளில் வழக்கம். கேசட் வீணாகக் கூடாது.

"நீயா? ரெக்கார்டர் பக்கம் உன்ன எப்ப விட்டேன் நான்? அமுக்குனது நான்தான்."

"நீங்க பாத்ரூம்ல இருந்தீங்க."

"அலாமாக்! வெளம்பரம், வெளம்பரம்னு சத்தம் போட்டது யாரு?"

"சத்தம் போட்டது நீங்க. அமுக்குனது நான்."

"பத்திரிகையிலயும் நீதான் மேல, இதுலயும் நீதான் மேலயா?"

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா திரையையே பார்த்தபடி, "சரி, இதுல நீங்களே மேல இருங்க," என்றார்.

பெரியப்பா எழுந்து போகவில்லை.

நான் குனிந்து பெரியப்பாவிடம் கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டேதான் கடையில இல்லன்னீங்களா?"

"இருக்குன்னு சொன்னா இவங்க கத்துவாங்களா?"

அன்றிலிருந்து சந்தேகம் படத்தின் மேலேயே திரும்பிவிட்டது. நாங்கள் நேசித்தது படத்தையா, அதில் விழுந்த ஓட்டையையா? என்னையே கேட்டுப் பார்த்தேன். என் பதிலையும் நம்ப முடியவில்லை. படத்தைப் பார்த்தே இராதவர்களுக்குப் போட்டுக் காட்டினால்தான் தெரியும். செமினியில் தோழி குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. அடுத்த மாதம் அங்கே முழுப் பிரதியைப் போடப்போகிறேன். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டைகள் வரும்போது முகங்களை மட்டும் பார்ப்பேன்.

அப்பாவும் பெரியப்பாவும் வருகிறேன் என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இருப்பது என் கார் ஒன்றுதான். கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் பெரியப்பாவைப் பிரிக்பீல்ட்ஸில் ஏற்றிக்கொண்டு சாலாக் செலாத்தானில் அப்பாவை ஏற்ற வேண்டும். அங்கே வந்து கத்தக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு சத்தியத்தையும் நம்பவில்லை.