ஒன்பதாவது கவர்

அற்பாயுசில் செத்துப்போன நாடுகளின் தபாலை நான் சேர்க்கிறேன். வெறுமனே ஸ்டாம்பு சேர்ப்பவன் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, கூடவே ஒரு அனுதாபச் சிரிப்பும் வருகிறது. போரில் முளைத்து, இரண்டு வருடமோ இருபது வருடமோ இருந்துவிட்டு, வரைபடத்திலிருந்து காணாமல் போன இடங்களின் தபால் என்று விளக்கினால் சிரிப்பு நின்று, பேச்சை மாற்றிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பிடித்த மலேயா, அதில் கொஞ்சத்தை அவன் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்தபோது அங்கே புழங்கிய ஸ்டாம்புகள். இப்படித்தான் ஆரம்பித்தேன். கொரட்டூர் ஏரியை ஒட்டிய இரண்டு அறை பிளாட்டில் பதினேழு ஆல்பம் இருக்கிறது. பீரோவில் என் சட்டைகளுக்கு ஒரு தட்டு, செத்த நாடுகளுக்கு மூன்று தட்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தேன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிற வேலை. அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பாள் என் மனைவி. தோசை வட்டமாக இல்லையென்றால் நான் முறைப்பதாக ஒரு புகார் உண்டு. உண்மைதான்.

எங்கள் கூட்டத்தில் ஸ்டாம்பைவிட கவருக்குத்தான் மரியாதை. ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை விழுந்து, நிஜமாகவே தபாலில் பயணம் செய்து வந்த முழு கவர். வழியில் பட்ட ஊர்களின் முத்திரைகள் பின்பக்கம் மூடியின் மேல் விழுந்திருக்கும். பிரித்தால் அவை கிழியும். அதனால் நாங்கள் பிரிப்பதில்லை. இடுக்கியால் தூக்கி, உருப்பெருக்கியில் பார்த்து, ஆல்பத்தின் கண்ணாடித்தாளுக்குள் செருகிவிடுவோம். இதில் வினோதம் எதுவும் இருப்பதாக எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பழைய போர்களின் கவர்கள் கைக்கு எட்டாத விலைக்குப் போனபோது, உயிரோடிருக்கும் ஒன்றைத் தேடினேன். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன நிலம். ஒரு போரில் பிரிந்து தன்னை நாடு என்று அறிவித்துக்கொண்டது, உலகத்தில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் சொந்தமாக ஸ்டாம்பு அடித்து, தபால் நிலையம் வைத்து நடத்தியது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல.

இதற்கென்று எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. எந்த ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கும், அதில் இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் இருப்பார், அவருக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தால் சந்தோஷமாக இருக்கும். ஊர்ப் பெயரைப் போட்டு, ஆங்கில ஆசிரியர், பள்ளிக்கூடம் என்று எழுதிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சம்மதமா என்று தெரிய வேண்டுமே, அந்த ஒன்றை மட்டும் பிரித்தேன். ஓய்வு பெறப்போகிற வயதில் ஒருவர். நான் கேட்பதைச் செய்வதாக அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

உடனே நிபந்தனைகளை அனுப்பினேன். ஸ்டாம்பு வலது மூலையில் இருக்க வேண்டும். முத்திரை பாதி ஸ்டாம்பிலும் பாதி கவரிலும் விழ வேண்டும். கவர் மடங்காமலிருக்க உள்ளே ஒரு அட்டை வைக்க வேண்டும். கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம். இவ்வளவும் எழுதியவன், கவரை நான் பிரிக்கவே மாட்டேன் என்பதை மட்டும் எழுதவில்லை. எங்கள் கூட்டத்தில் யாரும் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

நாலைந்து மாதத்துக்கு ஒன்றாகக் கவர்கள் வந்தன. தபால்காரர் கீழிருந்தே குரல் கொடுப்பார்.

"சார், பாரின் லெட்டர் வந்துகீது! மடிக்காம எட்தாந்துகீறேன், பாத்துக்கோங்க."

ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு நீலகிரித் தேயிலை அனுப்பினேன். நல்ல மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது. நடுவில் அங்கே மறுபடி போர் மூண்டது. அது முடிந்த பிறகு வந்த ஒன்பதாவது கவரில் முத்திரை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல விழுந்திருந்தது. அன்றைக்கே பாராட்டி எழுதினேன். அடுத்து பத்தும் பதினொன்றும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு அந்த நிலத்துக்குப் போகிற ஒரே சாலையை மறித்துவிட்டார்கள். பல மாதம் மறித்தே வைத்திருந்து, கடைசியில் ஒரு சண்டையில் எல்லாம் முடிந்துபோனது. சில நாட்களுக்குள் அத்தனை ஜனமும் கார்களிலும் லாரிகளிலும் ஏறிப் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டது. செய்தியில் காட்டினார்கள். கார் கூரையில் மெத்தையைக் கட்டியிருந்தார்கள்.

ஆவடியிலிருந்து என்னைப் போலவே ஒரு பைத்தியம் அன்று போன் செய்தார். பூந்தமல்லியில் மாதா மாதம் நாங்கள் கூடுகிற இடத்தில் பழக்கம்.

"மச்சான், க்ளோஸ்! இனிமே அந்த ஊரு ஸ்டாம்பே கெடையாது. உன்கிட்ட எத்தினி கீது?"

"பதினொன்னு."

"பதினொன்னா! உனுக்கு எங்கியோ மச்சம் கீது மாமே!"

நான் சிரித்தேன். சந்தோஷமாகவே சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. மறுநாள் வாத்தியாரை நினைத்துக் கவலை வந்தது, பத்திரமாக இருக்கிறீர்களா என்று எழுதிப் போட்டேன். அங்கே தபால் போவதில்லை என்ற முத்திரையோடு கடிதம் திரும்பி வந்தது. அதையும் ஆல்பத்தில் செருகி வைத்தேன்.

போன மழைக்காலத்தில் பீரோ நின்ற சுவரில் ஈரம் இறங்கிவிட்டது. ஆல்பங்களை எடுத்துக் காயவைத்தபோது இரண்டில் பூச்சி புகுந்திருப்பது தெரிந்தது. ஒன்பதாவது கவரின் மூடியில் கடையில் வாங்கிய பசை இல்லை, வாத்தியார் மாவுப் பசை தடவியிருந்தார். பூச்சி அதைச் சுத்தமாகத் தின்றிருந்தது. கையில் எடுத்ததும் மூடி தானாகத் திறந்துகொண்டு அட்டை வழுக்கி என் மடியில் விழுந்தது. பிஸ்கெட் டப்பாவில் வெட்டிய அட்டை. வெள்ளைப் பக்கம் முழுக்க அந்த அழகான கையெழுத்து. மூலையில் ஒரு சின்ன லேபிளை ஒட்டியிருந்தார்.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

"என் மனைவியின் கண்களில் அழுத்தம் அதிகம். தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து போட வேண்டும். போருக்குப் பிறகு இங்கே கடைகளுக்கு அது வருவதில்லை. காலிப் பாட்டிலைப் பார்த்தேன், இந்தியாவில் செய்தது என்று போட்டிருந்தது. உடனே உங்கள் ஞாபகம் வந்தது. லேபிளைப் பிய்த்து ஒட்டியிருக்கிறேன். இரண்டு பாட்டில் அனுப்ப முடியுமா? உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை, அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்."

யாருக்கு எழுதினாலும் நகலைக் குறித்து வைக்கிற நோட்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் உண்டு. எடுத்துத் தேதியைப் பார்த்தேன். அந்த அட்டைக்கு நான் எழுதிய பதில் இருந்தது. "கவர் கிடைத்தது, மிக்க நன்றி. முத்திரை அற்புதமாக விழுந்திருக்கிறது. இதே போல இன்னும் இரண்டு அனுப்ப முடியுமா?"

அவர் இரண்டு பாட்டில் கேட்டார். நான் இரண்டு கவர் கேட்டேன். அவர் அனுப்பிவிட்டார்.

பத்தாவதைக் கையாலேயே கிழித்தேன். "உங்களுக்குச் சங்கடம் கொடுத்துவிட்டேன். மருந்து அனுப்ப உங்கள் நாட்டில் என்ன சட்டமோ, எனக்குத் தெரியாது. நான் கேட்டதை மறந்துவிடுங்கள். நீங்கள் விரும்பிய இரண்டு கவர்கள் இவை. தபால் நிலையத்தில் மின்சாரம் இல்லை. முத்திரை சரியாக விழ வேண்டுமே என்று முத்திரை குத்துகிற பெண்ணை ஜன்னலோரம் வரச் சொல்லிக் குத்தினோம்." பதினோராவதில் இருந்தது வெறும் அட்டை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு முதலிலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் பிரித்தேன். முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஆரம்பித்திருக்கிறார். "கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். எனக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை." அடுத்ததில் வீட்டுக் கொல்லையில் ஆப்ரிகாட் மரம் பூத்திருந்தது. அதற்கடுத்ததில் பேரனுக்குப் பல் விழுந்திருந்தது, ஏரிக்கரை என்று முகவரியில் இருக்கிறதே, அந்த ஏரியில் மீன் உண்டா என்று கேட்டிருந்தார். இன்னொன்றில் இப்படி. "நான் கேட்கிற எதற்கும் நீங்கள் பதில் சொல்வதில்லை. இந்தியர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்." தேயிலைக்கு மனைவி நன்றி சொல்லச் சொன்னாளாம். இத்தனை வருடமாக ஒரு மனிதர் என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி, தரையில் கிழிந்த கவர்களுக்கு நடுவே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஒன்பதாவது அட்டையை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"இது எப்போ வந்துது?"

சொன்னேன்.

"லெட்டர் வந்தா பிரிச்சிப் படிப்பாங்க. ஊரு உலகத்துல அல்லாரும் அதத்தான் பண்ணுவாங்க. நீங்க இன்னா பண்ணி வெச்சிகீறீங்க?" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம். அவள் குரல் உடைந்திருந்தது. அழுதேன்.

மறுநாள் காலையில் லேபிளோடு மருந்துக் கடைக்குப் போனேன். ஏரிக்கரைச் சாலை முனையில் இருக்கிற கடைதான், தினமும் தாண்டிப் போவது. கடைக்காரர் லேபிளைப் பார்த்தார், திரும்பி ஒரு டப்பாவை இழுத்தார், பாட்டிலை வைத்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. "ரெண்டு போதுமா சார்?" என்றார். தலையை ஆட்டினேன்.

எங்கே அனுப்புவது? அந்த ஊரும் இல்லை, அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. பக்கத்து நாட்டுத் தலைநகரில் நான் பழைய கவர்கள் வாங்குகிற வியாபாரி ஒருவரைத் தெரியும். வந்தவர்கள் தங்கியிருக்கும் விடுதிகளில் தேடிப் பார்க்கிறேன் என்றார். அவர் பேருக்குப் பார்சல் கட்டினேன். கடிதம்தான் வரவில்லை. நாலு நாள் உட்கார்ந்தேன். அனுப்ப முடியாமல் போய்விட்டது, மன்னியுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர் நம்பிவிடுவார். உண்மையை எழுதினால்? உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது, முத்திரை கெட்டுவிடும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? முடியாது என்று சொல்லிவிட்டவனாகவே இருந்துவிடலாமே என்றுகூட யோசித்தேன்.

"உள்ளத எழுதுங்க," என்றாள் மனைவி. "அவரு உள்ளத எழுதுனாருல்ல?"

எழுதினேன். கவர்களை நாங்கள் ஏன் பிரிப்பதில்லை என்பதை விளக்கியபோது, முதல் முறையாக அது எனக்கே கேவலமாகத் தெரிந்தது.

ஆவடிக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பதினொன்னையும் பிரிச்சிட்டியா? போச்சே மாமே, அல்லாம் போச்சே," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வியாபாரி தேடிக் கண்டுபிடித்திருந்தார். வாத்தியார் எழுதிய அட்டை ஒன்றை அனுப்பியிருந்தார். நான் படித்துக்கொண்டே வந்தேன், மனைவி தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

மருந்துக்கு நன்றி என்று ஆரம்பித்திருந்தார். சாலையை மறித்திருந்த மாதங்களிலேயே மனைவியின் பார்வை முழுக்கப் போய்விட்டதாம். பாட்டில்களை விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம், அவளுக்கும் அதே நோய்.

"நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தோம்," என்று எழுதியிருந்தார். "அதைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொண்டதில்லை. இந்தியாவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டவன் நான், அதனால் அவளும் கேட்கவில்லை. நேற்று உங்கள் கடிதத்தை அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, கடிதத்தைப் பிரிக்கவே இல்லை என்றேன். ஐயோ பாவம் அந்த மனிதர் என்றாள்."