ரெஜிபோம் பெட்டிக்குள் நோன்புக் கஞ்சி

கேஸுக்கும் பெற்றோலுக்கும் காத்தான்குடியே வரிசையில் நின்ற காலம் அது. நான் செட்டிபாளையக் கரையில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக விற்பவன். பெற்றோல் இல்லாமல் சைக்கிள் வாசலில் நின்றது. மீனை ஐஸில் வைக்கப் புதிதாக வாங்கிய, வெள்ளை நுரையட்டையாலான ரெஜிபோம் பெட்டியும் ஈரம் படாமல் மூலையில் கிடந்தது.

அந்த நோன்பில்தான் எங்கள் எட்டு வயது மகள் முதன்முதலாக முழு நோன்பு பிடித்தாள். நோன்பு திறக்க உம்மா காய்ச்சும் கஞ்சிதான் வேண்டும் என்று அன்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சிலிண்டரோ முடியும் தறுவாயில் இருந்தது. வாடகை மாடி வீடு. விறகு மூட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். நாள் முழுக்கப் பசித்திருந்த பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று சிலிண்டரை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன்.

மனைவி கலங்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு அரிசியும் இறைச்சியும் போட்டுப் பானையை அடுப்பில் வைத்தாள். பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தது. அத்தோடு கேஸும் தீர்ந்தது. அவள் பானையை இறுக மூடி, பெட்டி உருகாமலிருக்கச் சாக்கில் சுற்றி, என் புதுப் பெட்டிக்குள் இறக்கினாள். மிச்ச இடத்தைப் என் பழைய சாரத் துணிகளால் அடைத்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்குப் பைத்தியமா புள்ள? அது ஐஸ் பெட்டி. கஞ்சி ஆறிப் போகும்."

"பெட்டியா ஐஸ உண்டாக்குது? வெளிச்சூட்ட உள்ளுக்கு விடாம மறிக்குது. அப்ப உள்ளுக்க இரிக்கிற சூட்டையும் வெளிய விடாதுதானே? அந்தச் சூட்டுலயே அரிசி வெந்திரும்."

பதினைந்து வருடமாக அந்த மாதிரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். ஒரு நாளும் இது என் மண்டையில் ஏறியதில்லை. மனதுக்குள் அசந்துபோனேன், வெளியில் முறைத்தேன்.

மீன்காரனுக்குப் பெட்டியைக் கண்டால் மூடியைத் தூக்காமல் இருக்க முடியாது. ஐஸ் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை. அசர் தொழுதுவிட்டு வந்தவன் பெட்டியையும் பானையையும் திறந்து பார்த்துவிட்டேன். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. அரிசி இன்னும் அரைவேக்காடு.

மனைவி ஓடிவந்து மூடினாள்.

"இப்பிடித் தொறந்து பாத்தா சூடு நிக்குமா? புள்ளைக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா? போங்க, போய்த் தேங்காயத் திருவுங்க."

குற்ற உணர்வோடு திருவினேன். பாலைக்கூட நானே பிழிந்தேன்.

பள்ளிவாசலில் வாங்கு சொல்லச் சற்று முன்தான் பெட்டியைத் திறந்தாள். அரிசி கரைந்து, இறைச்சி நார் நாராகப் பிரிந்திருந்தது. தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்கினாள். நோன்போடு இருந்ததால் ருசி பார்க்க யாருமில்லை.

வாங்கு கேட்டது. மகள் ஈச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, அவசரமாக ஒரு கரண்டிக் கஞ்சியை வாயில் வைத்தாள்.

"ஆ! சுடுகுது வாப்பா. ஆத்தித் தாங்க."

இரண்டு கோப்பைகளை எடுத்து மாற்றி மாற்றி ஊற்றினேன். லேசில் ஆறவில்லை. மனைவியை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.