பாலனை வைக்கும் கை

எண்ணூர்க் கழிமுகத்தைத் தோணியில் தாண்டி, கடலோரமாகவே தெற்கே நடந்துகொண்டிருந்தேன். வள்ளூர்ப் பக்கத்து உப்பளத்தில் மூன்று மாதம் உப்பு வாரியிருந்தேன். அன்று விடிந்ததும் வாருபலகையை வரப்பில் சாத்திவிட்டுக் கிளம்பியாயிற்று. சண்டை ஒன்றும் இல்லை, யாரும் திட்டவும் இல்லை. என் கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான். எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். உப்பளத்தில் கூட இருந்த ஒருவன், வைசாக்கில் கப்பல் கட்டும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். சாயந்திரம் சென்ட்ரலில் ஒரு ரயில் உண்டு. டிக்கெட் எடுக்கும் எண்ணம் இல்லை. அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது.

திருவொற்றியூரில் எங்கள் ராயபுரத்துத் தெருவின் மீன்கார அக்கா கூடையோடு எதிரே வந்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை. கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் அது கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அன்று சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள் என்றே எனக்குத் தெரிந்தது.

"இன்னாடா, உசுரோடதான் கீறியா?"

"கீறேன்க்கா."

"எங்க போய்க்கினு கீற?"

"டேஷனுக்கு."

"ரயிலு உனக்கு வெத்தல பாக்கு வெச்சு அழச்சிச்சா? டேய், உங்கம்மா இன்னும் கிறிஸ்மஸ் குடில பிரிக்கலடா. தபசு காலம் பொறந்துடுச்சி, அந்தம்மா கோதும்பப் புல்லு வளத்துக்கினு கீது. தெருவே சிரிக்குது."

கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"கரிக்கப்பல் மேஸ்திரி நேத்து வந்தாரு. உங்கப்பாரு எடத்துல பதில் ஆள வெச்சே ஓட்டிக்கினு கீறாராம். நாளைக்குக் காலைல நீ வரலேன்னா அந்த ஆளயே நெரந்தரமா போட்டுடுவாராம். அப்பால உனக்கு அங்க வேல கெடயாது, சொல்லிட்டேன்."

அவளுக்கு அது மிரட்டல். எனக்கோ அதைக் கேட்டதும் நெஞ்சு லேசானது. நாளைக் காலை ஏழு மணி தாண்டினால் போதும், அந்த இடம் இன்னொருவனுடையது. பிறகு என்னைத் தேட யாருக்கும் காரணம் இருக்காது.

எங்கள் அப்பா துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர். போன ஆடி மாதம் இருமலில் போய்ச் சேர்ந்தார். கரிக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவன் இடம் அவன் மகனுக்கு. மகன் வரும்வரை பதில் ஆள் நிற்பான். அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்த இடம் எனக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அம்மா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தானியக் கிடங்கில் கோணி தைத்தாள். வேலை முடிந்து வரும்போது கோணி ஊசி கொண்டையில் செருகியிருக்கும். அவளுக்குச் சினிமா கிடையாது, வெற்றிலை கிடையாது, பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசுகிற பழக்கமும் இல்லை. இருந்த ஒரே ஆசை கிறிஸ்மஸ் குடில்.

நடுவருஷத்திலேயே ஆரம்பித்துவிடுவாள். தெருவில் கிடக்கும் சிகரெட் பெட்டிகளிலிருந்து ஈயத்தாளை உரித்து நகத்தால் நீவி வைப்பாள், நட்சத்திரத்துக்கு. டிசம்பர் பிறந்ததும் பெரிய கோணி ஒன்றைக் கஞ்சியில் ஊறப்போட்டு, அப்பா மடியில் கட்டிவந்த கரித்தூளைப் பிசைந்து, மூங்கில் பிளாச்சுகளின் மேல் போர்த்திச் சணலால் இழுத்துக் கட்டுவாள். காய்ந்தால் நிஜமான பாறைக்குகை மாதிரி இருக்கும். கிடங்கில் சிந்திய கோதுமையை டின்களில் விதைத்துப் புல் வளர்ப்பாள். ஆடுகள் பஞ்சிலும் தீக்குச்சியிலும் அவளே செய்தவை. மூன்று ராஜாக்களில் ஒருவர் எப்போதோ உடைந்துபோக, தொந்தியும் தலைப்பாகையுமாக ஒரு செட்டியார் பொம்மை அவருக்குப் பதில் நின்றது. வருகிறவர்கள் சிரித்தால், "அவரும் ஏதோ கொண்டாந்துகீறாரு, உனக்கு இன்னா?" என்பாள்.

குழந்தை யேசுவைப் பாலன் என்போம். அவரைக் குடிலில் கிடத்துவது மட்டும் அம்மா வேலையல்ல. அது எங்கள் வீட்டில் உழைத்துப் போடுகிற ஆணின் வேலை. கிறிஸ்மஸ் நடுச்சாமப் பூசையிலிருந்து வந்ததும் அப்பா மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்ப்பார். ஆனாலும் கரி போகாது. பாலனின் முதுகில் வருஷத்துக்கு ஒரு கட்டைவிரல் தடம் விழும். அம்மா அதைத் துடைத்ததே இல்லை. "உங்கப்பாரு கைநாட்டு" என்பாள்.

ஜனவரி முதல் வாரத்தில் ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பாள். சணலை அறுக்கமாட்டாள். முடிச்சு முடிச்சாக அவிழ்ப்பாள். அந்தக் கோணியை அலசிக் காயவைத்து, மடித்துத் தைத்து, கரிக்கூடைக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்ள அப்பாவுக்கு அந்த வருஷத்துச் சும்மாடு செய்து கொடுப்பாள். பாலனைத் தொட்டிலில் வைத்த கை எதுவோ, அந்த ஆளின் தலைக்குத்தான் குடில் கோணி. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான். அப்பா செத்த அந்த டிசம்பரில், அம்மா கோணியைக் கஞ்சியில் ஊறப்போட்ட அன்று மத்தியானம், நான் வீட்டைவிட்டுக் கிளம்பி வள்ளூர் போனேன்.

தண்டையார்பேட்டை வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். சென்ட்ரலுக்கு எப்படியும் ராயபுரம் வழியாகத்தான் போகவேண்டும். அம்மா சாயந்திரம்தான் கிடங்கிலிருந்து வருவாள். உள்ளே போய்ப் பாலனை வைத்துவிட்டுப் போய்விட்டால் அவள் குடிலைப் பிரித்துக்கொள்வாள், தெரு சிரிப்பதை நிறுத்தும், நானும் ரயிலைப் பிடிப்பேன். நல்ல யோசனையாகவே பட்டது.

எங்கள் வீடு ஒரே அறை. அதில் பாதியைக் குடில் அடைத்திருந்தது. கோதுமைப் புல் நாலு விரல் உயரத்தில் பச்சையாக இருந்தது. முதலில் விதைத்தது எப்போதோ பழுத்துப் போயிருக்கும். மறுபடி மறுபடி விதைத்திருக்கிறாள். நடுவில் வைக்கோல் பரப்பிய தொட்டில் காலி. செட்டியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலன் எப்போதும் போல் பிஸ்கட் டின்னில் துணி சுற்றிக் கிடந்தார். கையைக் கழுவினேன். உப்பில் வெடித்து வெளுத்த கை. எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் அம்மா.

"சாப்டியா?"

"ம்."

"ஒருசந்தி நோம்பு நாளும் அதுவுமா பொய் சொல்லாத."

மத்தியானமே எப்படி வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து குடிலைப் பார்த்தாள்.

"காலு வாசப்பக்கம் கீது பாரு. அது வர்ற புள்ளயா, போற புள்ளயா? திருப்பி வையி."

திருப்பி வைத்தேன். அம்மா முழங்காலில் நின்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அருள்நிறை மரியே ஜெபம் ஒன்று சொன்னாள். உடனே எழுந்துவிட்டாள்.

"செரி, பிரி. கோயில் சாமியாரு ரெண்டு தபா திட்டிட்டாரு."

"நான் போவணும்மா."

"எங்க?"

"வைசாக்கு."

"அது எங்க கீது?"

"ஆந்திராவுல."

"போ. கட்ட அவுத்துட்டுப் போ."

உட்கார்ந்து அவிழ்க்க ஆரம்பித்தேன். கஞ்சியில் இறுகிய சணல். ஒவ்வொரு முடிச்சும் கல். முன்பெல்லாம் என்னை அதில் விரல் வைக்கவே விடமாட்டாள், அறுத்துவிடுவேன் என்று. இன்று எதிரில் உட்கார்ந்துகொண்டு, "அத்த இழுக்காத. அடியில பாரு. நகத்தால நெம்பு" என்று வாயால் மட்டும் வேலை செய்தாள்.

"நீயும் ஒரு கை போட்டா இன்னா?"

"ராஜா வூட்டுப் புள்ளைக்குக் கை நோவுதா?"

அவள் வலதுகை முந்தானைக்குள்ளேயே இருந்தது. பிடித்து இழுத்தேன். கட்டைவிரல் அடையாளம் தெரியாமல் வீங்கிக் கருத்திருந்தது. நகம் இல்லை. மடங்கவும் இல்லை.

"ஊசி எறங்கிடுச்சி."

"எப்போ?"

"ராஜாக்கள் திருநாளு தாண்டி."

"இந்தக் கையோடயா தைக்கிற?"

"பெருக்கறேன். அதுவும் வேலதான். ஆளு வோணும்னா கூப்புடுறாங்கோ, இல்லேன்னா அனுப்பிடுறாங்கோ. இன்னிக்கு அனுப்பிட்டாங்கோ." கையை மறுபடி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீ முடிச்சப் பாரு."

பிறகு நான் வைசாக் பேச்சை எடுக்கவில்லை. எல்லாக் கட்டையும் அவிழ்த்து முடித்தபோது வெயில் வாசலைவிட்டு இறங்கியிருந்தது. புல்லைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். பொம்மைகளைச் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். கோணியைத் தெருக்குழாயில் அலசி, கரித்தண்ணீர் போகப் போகப் பிழிந்து, கொஞ்சம் உலர்த்தி, அரை ஈரத்தோடு கொண்டுவந்தேன். அம்மா கொண்டையிலிருந்து ஊசியை இடதுகையால் உருவி என் முன்னால் வைத்தாள். தைக்காவிட்டாலும் அதைச் செருகிக்கொண்டுதான் கிடங்குக்குப் போய்வந்திருக்கிறாள்.

"நாலா மடி. ஓரத்த உள்ள தள்ளு. தையல் பொடிசா வரணும், இல்லேன்னா தலைய அறுக்கும்."

என் சும்மாட்டை நானே தைத்தேன். பாதி தைத்தபிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. ஊசியைக் கீழே வைக்கவில்லை. அம்மா வாங்கிப் பார்த்து, இரண்டு இடத்தில் பிரிக்கச் சொல்லி, மறுபடி தைக்கவைத்தாள். கடைசியில் என் தலையில் வைத்துப் பார்த்தாள்.

"உங்கப்பாரு தல பெருசு. உனக்கு ஒரு சுத்து கம்மிதான்."

அவள் என்னை இருக்கச் சொல்லவில்லை. அழவில்லை. மேஸ்திரி வந்துபோனதைக்கூடச் சொல்லவில்லை. ஒருசந்திக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, பாலனின் முதுகை ஒருதரம் பார்த்தாள். உப்புக் கை எந்தத் தடமும் விட்டிருக்கவில்லை. டின்னை மூடினாள்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. வேகமாக நடந்தால் சென்ட்ரல் முக்கால் மணிதான். கதவு திறந்திருந்தது. மறித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. மனம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாறவில்லை. கால் வாசலைப் பார்த்தபடியே இருந்தது, நான் சும்மாட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தேன். தெருவில் விளக்கு ஏற்றும் நேரத்தில் தூரத்தில் எந்த ரயில் கூவினாலும் அது அந்த ரயிலாகவே கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரு கையால்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே கரிக்கப்பல் நின்ற இடத்துக்குப் போய்விட்டேன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அப்பாவின் இடம் நாலாவது. பதில் ஆள் என்னைப் பார்த்ததும் விலகிக் கடைசிக்குப் போனான். மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உப்புக் கை. ஒரு வாரத்துல பழகிடும்" என்றார். "சும்மாடு கீதா?"

தலையில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் கூடையைத் தூக்கி அதன்மேல் ஏற்றினார்கள்.