ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் அமெரிக்கச் சிரிப்பு

"ஆரது அங்கை சிரிச்சது?"

முன்வரிசையிலிருந்து சங்கத் தலைவர் எழும்பிக் கேட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தது நான் சவுண்ட் மிக்ஸர் வழியாக ஓடவிட்ட கசெற். அதிலிருந்த ஆட்கள் எல்லாம் அமெரிக்கர்கள்.

தொண்ணூறுகளில் லண்டன் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு சவுண்ட் செய்தவன் நான். கலியாணம், பெரியபிள்ளையானதுக்குச் செய்கிற சாமத்தியவீடு, கோயில் திருவிழா, எதிலும் என் ஸ்பீக்கர் கூவின சரித்திரம் கிடையாது. இப்ப ஃபோனிலேயே மிக்ஸ் பண்ணுகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு கதையைச் சொல்லிவைக்கிறேன்.

1. கசெற் வந்த வழி

அந்த நாளில் ரீவியில் ஒரு பழைய அமெரிக்கப் பகிடித் தொடர் போகும். ஒரு சோபா, மூன்று கதவு, தட்டாமல் உள்ளே வருகிற பக்கத்து வீட்டுக்காரன். ஆராவது வாய் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத சனம் சிரிக்கும். எங்கள் ஆட்கள் பாதி இங்கிலீஷ் படித்ததே அதில்தான். எங்கே சிரிக்கவேண்டும் என்று அந்தச் சிரிப்பே காட்டித்தரும். பிறகு ஃபாக்டரியில் வெள்ளைக்காரன் பகிடி விட்டால், விளங்காவிட்டாலும் நேரத்துக்குச் சிரித்துவிடுவோம்.

பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த குணம் அண்ணைக்கு அந்தத் தொடர் என்றால் உயிர். அதே அச்சில் தமிழில் ஒரு நாடகம் எழுதினார். இல்ஃபோர்ட் பிளாட், நாலு பெடியள், ஒரு சோபா. சங்கம் தன் ஆண்டு விழாவில் அரை மணித்தியாலம் கொடுத்தது. சனம் சிரிக்காவிட்டால் அடுத்த வருசம் நாடகமே இல்லை, நடனம் மட்டும் என்றும் சொல்லிவிட்டது. மனுசன் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

"தம்பி, முன்வரிசை சிரிக்காமல் எங்கடை சனம் சிரியாது. தலைவர் செத்தாலும் சிரிக்கார். அந்த ரீவிச் சிரிப்பைக் கசெற்றில எடுத்துப் போட்டுவிடு" என்றார்.

நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

2. வடைத் தட்டுக்குள் மைக்

"ஊர் சண்டையில எரியுது, உங்களுக்கு இங்கை இளிப்போ?" கசெற் சிரித்ததும் எழும்பின தலைவர் இப்படியும் சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். பிறகு ஒரு குருவி வாய் திறக்குமோ? மேடையில் குணம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றார். கசெற்றை நிப்பாட்டினேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம் காதில் விழுந்தது. தேத்தண்ணி ஊற்றுகிற பெண்கள். அங்கிருந்து அவர்களுக்கு முன்வரிசையின் முகம் தெரியாது. ஒரு அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஸ்பெயர் கேபிளை இழுத்துப்போய் வடைத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு மைக்கை வைத்தேன்.

"அக்கா, இது உங்கடை சிரிப்புக்கு. வாயைப் பொத்தாதேங்கோ."

"போடா விசரா!" என்றார். ஆனால் மைக்கைத் தள்ளிவைக்கவில்லை.

குணம் அண்ணைக்குக் கை காட்டினேன். மேடையில் பக்கத்து வீட்டுக்காரன் தட்டாமல் உள்ளே வந்தான். "அண்ணை, உங்கடை ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ. சுவராலை எங்களுக்கும் சூடு வரட்டும்!"

ஸ்பீக்கரில் அந்த அக்காவின் சிரிப்பு வெடித்தது. மூச்சு வாங்கி, "ஐயோ அம்மா" என்று திரும்பவும் சிரித்தார். இது எங்கள் வீட்டுச் சிரிப்பு என்று சனத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. பின்வரிசையில் தொடங்கி மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலைவர் மட்டும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார்.

3. கொப்பி

நாடகம் முடிந்ததும் தலைவர் நேரே என் மேசைக்கு வந்தார். வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன்.

"அந்த மைக்கில சிரிச்சது என்ரை மனிசி." அந்த அக்கா தலைவரின் மனைவி!

"தெரியாது ஐயா. குறை நினையாதேங்கோ."

"ரெக்கோட் பண்ணினியோ?"

"ஓம் ஐயா. எல்லா நிகழ்ச்சியும் பண்ணுறது."

"எனக்கு ஒரு கொப்பி தா தம்பி. ஊரில மகனைப் பறிகுடுத்த பிறகு, அவள் சிரிச்சு நான் கேக்கேல்லை."

அடுத்த வருசமும் நாடகம் நடந்தது. குணம் அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டதே தலைவர்தான்.

பிள்ளைகளே, சிரிப்பை வெளியில் இருந்து கொண்டுபோகாதேங்கோ. அது மண்டபத்துக்குள் எங்கேயோ இருக்கும். தேடிப்போய் அங்கே மைக்கை வையுங்கோ.

அன்றைக்கு என் கையில் ஒன்றும் பதியாத வெறும் கசெற் இருக்கவில்லை. அமெரிக்கச் சிரிப்பை அழித்து, அதன் மேலேயே அந்த அக்காவின் சிரிப்பை ஏற்றிக் கொடுத்தேன்.