தொட்டுப் பார்த்து வாங்கிய வண்டி

என் அக்காள் கணவர் ஏகாம்பரம் ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரி; நான் அவர் கடையில்தான் வேலை பார்க்கிறேன். சேலையை விரலால் நெருடிப் பார்த்தே அசலா கலப்படமா என்று சொல்லிவிடுவார். அந்த விரல்தான் எங்கள் குடியைக் கெடுத்தது.

2003-ல் சென்னையில் ஒரு பழைய வெளிநாட்டு சொகுசு ஜீப்பைப் பார்க்கப் போனோம். பானட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மாமா தோல் சீட்டை நெருடிவிட்டு, "அசல் சரக்குடா மச்சான்" என்றார்.

அசலாம்! அது வீட்டில் நின்றதைவிட மெக்கானிக் ஷெட்டில் நின்ற நாட்கள்தான் அதிகம். தேவிகாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அதில் கிளம்பி, தாலி கட்டி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தோம்.

"வித்துத் தொலைங்க மாமா" என்று கத்தினேன்.

"நானே தொட்டுப் பாத்து வாங்கினதுடா. மட்டம்னு என் வாயால எப்படிச் சொல்றது?" என்றார்.

ஒரு நாள் காலையில் அக்கா திலகவதிக்கு நெஞ்சு வலித்தது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன், மாமா கேட்கவில்லை. வேலூர் போகும் வழியில், கண்ணமங்கலம் தாண்டியதும் ஜீப் நின்றுவிட்டது. தன் கையால் முதன்முறையாக மாமா பானட்டைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் விழித்தார். நான் ரோட்டில் நின்று லாரிகளை மறித்தேன்.

"பேஜார் ஆவாதீங்க. சீட்டு மெத்துனு இருக்குது, நான் படுத்துகினு இருக்கேன்" என்றாள் அக்கா. பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

மாமா இன்றும் கடைக்கு வருகிறார். யாராவது சேலையை நீட்டித் தரம் கேட்டால், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "மச்சான்கிட்ட காட்டுங்க" என்கிறார்.